முப்பத்தொரு படியும் பவுலினும்

பவுலினுக்குப் பயம் வந்த கதையைச் சொல்லுமுன், அவள் அதுவரை எதற்கும் பயந்தவளில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோர்வூட்டுக்கு மேலே அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் அட்டைக்குப் பயப்படாத பெண்கள் நிறைய உண்டு. குளவிக்குப் பயப்படாத பெண் இவள் ஒருத்திதான். ஒருநாள் குளவிக்கூடு கலைந்து மலையில் நின்ற அத்தனை பேரும் ஓட்டமெடுத்தபோது, முதுகுக்கூடையைக் கழற்றாமல், பக்கத்து நிரையில் மயங்கி விழுந்தவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்திருக்கிறாள். இருபது கிலோ கொழுந்துக்கூடை தலைக்கயிற்றில் தொங்க, மழையில் ஊறிய சரிவுகளில் இறங்கியிருக்கிறாள். ஒருநாளும் கால் சறுக்கியதில்லை. இதையெல்லாம் அடக்கமாக மனதுக்குள் வைத்துக்கொள்கிற குணமும் அவளுக்கு இல்லை. கேட்டவருக்கும் சொல்வாள், கேட்காதவருக்கும் சொல்வாள்.

நாற்பது வயதில் அவளுக்குப் பிள்ளைக்காம்பரா வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. இப்போது சுவரில் முயலும் யானையும் வரைந்து, வாசலில் ‘சிறுவர் பராமரிப்பு நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை அங்கே ஒருவரும் சொல்வதில்லை. காலையில் ஏழு மணிக்குமுன் எட்டுப் பத்துப் பிள்ளைகள் வந்துவிடும். மூக்கைத் துடைத்து, முகம் கழுவி, திரிபோஷா சத்துமாவைக் குழைத்து ஊட்டி, அழுகிறதை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் மற்ற வேலைகளைப் பார்ப்பாள். பதின்மூன்று வருடமாக அந்த இடது இடுப்பில் ஏதாவதொரு பிள்ளை இருந்துகொண்டே இருந்தது. தோட்டத்துக்கே அவள் ஆயம்மா ஆனாள்.

பிள்ளைக்காம்பரா இருந்தது பாதைக்கு மேலே, ஒரு மேட்டில். பாதைக்கு இறங்க முப்பத்தொரு சிமெந்துப் படிகள். ஒரு பக்கம் மட்டும் இரும்புக்குழாய் கைப்பிடி. பால்குடிப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க நேரம் விடுவார்கள். தூரத்து மலையில் வேலை நடக்கிற நாட்களில் தாய் வந்து, ஏறி, இறங்கி, திரும்பப் போவதற்குள் நேரம் போய்விடும் என்று, ஆயம்மாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதைவரை இறங்கி வருவது அங்கே வழக்கம். முன்பு ஆயம்மாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவள் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ‘பவுலின் ஒருத்தி பத்துப் பேருக்குச் சமம்’ என்று தோட்டத்து நிர்வாகியான துரை சொன்னதாகப் பேச்சு வந்தது. பவுலினும் அதில் உச்சி குளிர்ந்து போனாள். ஆள் கேட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

வலி போன வருடம் வந்தது. இடது தொடை இடுப்போடு சேருகிற இடத்தில், உள்ளே ஆழத்தில். காலையில் செருப்பை மாட்டக் காலைத் தூக்கும்போது குத்தும், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், மத்தியானத்துக்கு மேல் மறுபடி பிடித்துக்கொள்ளும். தைலம் போட்டாள், வெந்நீர் ஊற்றினாள், மாதா கோயில் எண்ணெயும் தடவினாள். வலியை அவள் பெரிதாக எடுக்கவில்லை. மலையில் வேலை செய்த எந்தப் பெண்ணுக்குத்தான் வலி இல்லை? வலியோடு கூட இன்னொன்றும் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தடவை விழுந்தது மாதா கோயிலில். பூசையில் முழங்காலில் இருந்து எழும்பும்போது இடது கால் சொல்பேச்சுக் கேட்காமல் மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து வாங்குப் பலகையில் மோதினாள். பக்கத்தில் நின்றவர்கள் பதறித் தூக்கினார்கள். “சேல தடுக்கிருச்சு” என்றாள். எல்லோரும் நம்பினார்கள், அவள் உட்பட.

இரண்டாம் தடவை சேலையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்காம்பரா விறாந்தையில் திரிபோஷாக் கிண்ணத்தோடு திரும்பினாள். வழுக்கலும் இல்லை, தடுக்கலும் இல்லை. கால் இல்லாமல் போனதுபோல் இருந்தது. தடாலென்று விழுந்தாள். கிண்ணம் உருண்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆயம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்களும் தொப்புத் தொப்பென்று விழுந்து சிரித்தன. பவுலினும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் தன் முழங்கை எங்கே இடித்தது என்று கண்டாள். ஒரு சாண் தள்ளி, பாயில், மிலான் படுத்திருந்தான். ஒன்பது மாதப் பிள்ளை. பெருவிரலைச் சப்பிக்கொண்டு அவளையே பார்த்தான்.

அந்த ஒரு சாண்தான் அவளை ஆட்டிவைத்தது. ஒரு சாண் அவன் பக்கம் தள்ளி விழுந்திருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். மிலான் ஜெயந்தினியின் மகன். ஜெயந்தினிக்கு இருபத்து நான்கு வயது. புருஷன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமலே போய், மூன்றாவதாகத் தங்கினவன் இவன். காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பத்துப் படி இறங்கியதும் ஒரு தடவை, இருபது படி இறங்கியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவாள்.

அடுத்த வாரம் பவுலின் லீவு போட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தது இஷ்ரா என்ற இளம் டாக்டர். கட்டிலில் படுக்கவைத்துக் காலை மடக்கி, உள்பக்கமாகத் திருப்பியபோது பவுலின் ‘மாதாவே’ என்று கத்திவிட்டாள்.

“இடுப்பு மூட்டு தேஞ்சு போயிருக்கும்மா” என்றார் டாக்டர். “வலிக்குதேன்னு அந்தக் கால அழுத்தி வைக்காம நடக்குறீங்க. அதனால சுத்தி இருக்கிற தசையெல்லாம் பலமில்லாமப் போயிருச்சு. பலமில்லாத கால் எப்ப மடங்கும்னு சொல்ல ஏலாது. இடுப்பு வலி உள்ளவங்க மத்தவங்கள விட கூட விழுவாங்க. ஒருக்கா விழுந்தவங்க மறுபடி விழவும் நெறைய இடமிருக்கு. அதான் கேக்குறேன். இந்த மூணு நாலு மாசத்துல எத்தன தரம் விழுந்தீங்க?”

பவுலின் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே வாங்கில் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே சொல்கிற வார்த்தை அவளுக்கு முன்னால் பஸ் ஏறி லயத்து வீடுகளுக்குப் போய்விடும்.

“விழல டாக்டர்.”

“ஒரு தரங்கூட?”

“மாதா சத்தியமா இல்ல.”

டாக்டர் சத்தியம் கேட்கவில்லை. கேட்காத சத்தியத்தை எடுத்துக் கொடுத்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “என்ன வேல செய்றீங்க?” என்றார்.

“புள்ளைங்கள பாத்துக்குறது.”

“தூக்குவீங்களா?”

“சும்மா பக்கத்துல இருந்து பாத்துக்குறதுதான் டாக்டர்.”

வலி இடது பக்கம் என்பதால் வலது கையில் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, இந்த இந்தப் பயிற்சிகளை ஒருநாளும் விடாமல் செய்ய வேண்டும், ஒரு மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பவுலின் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளைபோல் தலையாட்டினாள். மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தை நான்காய் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். ஊன்றுகோலோடு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றால் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்? அவளே தாயாக இருந்தால் கொடுப்பாளா? கொடுக்கமாட்டாள். அந்தப் பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மறைத்தாள். இதை அவளுக்காக நான் மூடிமறைக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து பயம் அவளோடு குடிவந்துவிட்டது. முன்பெல்லாம் பயம் என்பது மற்றவர்களுக்கு அவள் கொடுக்கிற சாமானாக இருந்தது. சாப்பிடாத பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியைக் காட்டி இரண்டு வாய் கூட ஊட்டுவாள். இப்போது அவளே பூச்சாண்டியைக் கண்டவள்போல் நடந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு போனாள். பீலியில் கொட்டுகிற தண்ணீரில் குளிக்கப் போவதை விட்டு, வீட்டிலேயே வாளியில் ஊற்றிக்கொண்டாள். ஒவ்வொரு அடி வைக்கிறபோதும் ‘இந்தக் காலா, இந்தக் காலா’ என்று கேட்டாள். அப்படிப் பயந்து பயந்து விறைத்து நடந்ததில் நடை இன்னும் கெட்டது. பொகவந்தலாவை பஸ்ஸில் இருந்து இறங்கும்போது மூன்றாம் தடவை விழுந்தாள். நான்காம் தடவை, குளித்துவிட்டு வீட்டுக் குசினி வாசலில்.

பிள்ளைக்காம்பராவில் புதிதாக ஒரு ஞானம் பேசத் தொடங்கினாள். “தூக்கித் தூக்கி பழக்கக்கூடாது. புள்ள தானா நடந்து பழகட்டும். நீங்கதான் இதுங்கள கெடுக்குறீங்க” என்று தாய்மாருக்கு வகுப்பெடுத்தாள். ஆயம்மா எவ்வளவு விஷயம் தெரிந்தவள் என்று அவர்களும் வியந்துபோனார்கள். நடக்கிற பிள்ளைகளை அப்படிச் சமாளித்துவிட்டாள். மிலானை என்ன செய்வது? அவனுக்குத் தவழ மட்டும்தான் தெரியும். அவனைப் பத்து மணிக்கு முப்பத்தொரு படி இறக்கியே ஆகவேண்டும். பத்துக் கிலோ கனத்தான். ஒரு கையால் அவனைப் பிடித்து, மறு கையால் குழாயைப் பிடித்து இறங்குவதற்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றிவிடும். கால் மடங்கினால் ஒற்றைக் கை தன்னைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது வந்தது அந்த யோசனை. மலையில் பத்தொன்பது வருடம் கழித்தவளுக்குத்தான் அப்படியொரு யோசனை வரும். பிள்ளையை இடுப்பில் வைத்தால்தானே இடுப்புக்குப் பாரம்? தலையில் தொங்கவிட்டால்? இருபது கிலோ கொழுந்தைத் தலைக்கயிற்றில் போட்டுக்கொண்டு எந்தச் சரிவிலும் விழாமல் இறங்கினவளுக்குப் பத்துக் கிலோப் பிள்ளை எம்மாத்திரம்? இரண்டு கையும் சும்மா இருக்கும், இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொள்ளலாம்.

பரணில் கிடந்த பழைய கூடைக்கயிற்றை எடுத்தாள். தடித்த போர்வையை இரண்டாய் மடித்து, நாலு மூலையையும் கயிற்றோடு முடிந்து, தொட்டில்போல் ஒரு துணிக்கூடை செய்தாள். பிள்ளையை அதில் உட்காரவைத்து முதுகில் போட்டு, கயிற்றை உச்சந்தலையில் துணிமடிப்பின் மேல் ஏற்றி, அவன் ஆடாமல் இருக்க இன்னொரு சேலைத்துண்டால் தன்னோடு சேர்த்து வயிற்றில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். மிலானுக்கு ஒரே குஷி. அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சவாரி வந்தான்.

பாதையில் நின்ற பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். “ஆயம்மா இன்னைக்கி எத்தன கிலோ எடுத்தீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். ஜெயந்தினி போனில் படம் பிடித்துக் கொழும்புக்குப் புருஷனுக்கு அனுப்பினாள். அந்தப் படம் அங்கே இங்கே சுற்றி, கினிகத்தேனையில் உடுப்புக் கடையில் வேலை செய்யும் பவுலினின் மகள் ஷிராணிக்கும் போய்ச்சேர்ந்தது.

“என்னம்மா இது கூத்து?” என்று போன் போட்டுக் கேட்டாள் ஷிராணி.

“வேலைக்கி ரெண்டு கையும் வேணும்ல.”

“இடுப்பு வலின்னீங்களே, எப்புடி இருக்கு?”

“அதெல்லாம் அப்பவே போயிருச்சு” என்று சொல்லிவிட்டு, பவுலின் போனை வைத்தாள்.

இரண்டு வாரம் அப்படியே போனது. பயம் கொஞ்சம் தணிந்ததுபோலவும் இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை, விடியலில் பெய்த மழை விட்டு வெயில் வராத ஒரு பத்து மணி. படிகளில் பாசி ஈரமாக இருந்தது. பவுலின் மற்றப் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கம்பிக் கதவைச் சாத்திக் கொளுவிவிட்டு, மிலானை முதுகில் ஏற்றி இறங்கத் தொடங்கினாள். ஒரு படிக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் என்பது அவள் கணக்கு. கீழே பாதையில் ஜெயந்தினி கூடையோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் படியில் இடது காலை வைத்தாள். தொடைச் சந்தில் சுருக்கென்று ஒரு வெட்டு. கால் அப்படியே பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. வலது காலைக் கீழே எடுத்து வைக்கலாம் என்றால் உடம்புப் பாரம் முழுவதும் இடது காலுக்கு வரும், வந்தால் அது மடங்கிவிடும் என்று உள்ளுக்குள் ஒன்று தெளிவாகச் சொன்னது. இரண்டு கையாலும் குழாயை இறுக்கினாள். குழாய் ஈரமாக இருந்தது.

சரி, உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தாள். மெதுவாக முழங்காலைத் தளர்த்தினாள். முதுகுக்குப் பின்னால் போர்வைத் துணி எதிலோ உரசியது. மேல்படியின் விளிம்பு. மிலான் முனகினான்.

அந்த இடத்தில் பவுலினுக்கு விளங்கியது.  அவள் உட்கார்ந்தால், அவளுக்கும் படிக்கும் நடுவே பிள்ளை. பின்னால் விழுந்தால், அவள் பாரம் முழுவதும் பிள்ளைமேல். முன்னால் விழுந்தால், தலைக்கயிறு தலையைவிட்டுக் கழன்று, பிள்ளை அவளைத் தாண்டித் தலைகீழாய்ப் போகும். கொழுந்துக் கூடையோடு விழுந்தால் கொழுந்து கொட்டும், அள்ளிக்கொள்ளலாம். பத்தொன்பது வருடத் தைரியத்தில் அந்த ஒரு வித்தியாசத்தை அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு வாரமாக, ஒவ்வொரு நாளும், கொண்டு போகவும் கொண்டு வரவும், இந்தப் பிள்ளையை அவள் சாவுக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்துப் படம் பிடித்திருக்கிறார்கள்.

கயிற்றைக் கழற்றக் கை வேண்டும். வயிற்று முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையும் குழாயில் இருந்தன. ஒரு விரலை எடுத்தாலும் போய்விடும் என்றிருந்தது.

“ஜெயந்தி!” என்றாள். சத்தம் கீழே எட்டவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஜெயந்தினி கீழிருந்து கையை ஆட்டினாள்.

“மெதுவா வாங்க ஆயம்மா. கங்காணி இன்னும் கூப்புடல.”

மேலே பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மிலான் கொண்டையைப் பிடித்து இழுத்து எம்பினான். அவன் எம்பிய எம்பலில் அவள் உடம்பு முன்னால் போய் வந்தது. இடது முழங்கால் துடித்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். வாயில் வந்த ‘சேல தடுக்குது’, ‘தலை சுத்துது’ என்ற பொய்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் காணாமல் போயின.

“நான் விழப்போறேன்!” என்று பவுலின் அலறினாள். மூன்று மலைக்குக் கேட்கிற அலறல். “கால் போயிருச்சு! புள்ள என் முதுகுல இருக்கு! ஓடியாந்து எடு ஜெயந்தி, நான் விழப்போறேன்!”

ஜெயந்தினி கூடையைக் கழற்றிப் போட்டதும், கொழுந்து பாதையில் சிதறியதும், செருப்பை உதறிவிட்டு ஏறியதும் பவுலினுக்குத் தெரிந்தது. பதினேழு படிகள். அந்தப் பதினேழு படிகளை அவள் ஏறிமுடிக்க எடுத்த நேரம்போல் நீளமான நேரத்தைப் பவுலின் தன் ஐம்பத்து மூன்று வருடத்தில் கண்டதில்லை. மூச்சு விட்டால் ஆடிவிடுவோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவத்தில்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

ஜெயந்தினி அவளைக் கடந்து மேல்படிக்குப் போனாள். பின்னாலிருந்து ஒரு கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். மறு கையை முன்னால் கொண்டுவந்து முடிச்சைப் பிடித்து இழுத்தாள். ஈர முடிச்சு அவிழவில்லை. முடிச்சைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது. கயிற்றைத் தலையிலிருந்து தூக்கிக் கழற்றினாள்.

“எடுத்துட்டேன்” என்றாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பவுலினின் கைகள் தாமாக விட்டுவிட்டன. அப்படியே சரிந்து, ஐந்தாறு படி உருண்டு, தோளும் கன்னமும் சிராய்த்து, குழாய்க் காலில் மோதி நின்றாள். வலித்தது. ஆனால் ‘பிள்ளை இல்லை, முதுகில் பிள்ளை இல்லை’ என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. படியில் கிடந்தபடியே ஓவென்று அழுதாள்.

ஜெயந்தினி மிலானின் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். 

“அடி பட்டிருச்சா ஆயம்மா? சறுக்கிருச்சா?”

சறுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாசி கண்முன்னால் இருந்தது. ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

“சறுக்கல ஜெயந்தி” என்றாள் பவுலின். “இடுப்பு தேஞ்சு போச்சு. கால் மடங்கிருது. இதோட அஞ்சாவது தடவ விழுறேன்.”

ஜெயந்தினி மிலானை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“ஏற்கனவே நாலு தடவ விழுந்துட்டு, எம்புள்ளய முதுகுல கட்டிக்கிட்டு இந்தப் படியில எறங்குனீங்களா?”

 ஜெயந்தினி திட்டவில்லை. திட்டியிருந்தால் பவுலினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிதறிய கொழுந்தை மிதித்துக்கொண்டு, லயத்துப் பக்கம் நடந்து போய்விட்டாள். அன்று அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எலும்பு முறியவில்லை. பவுலின் நாலு நாள் வீட்டில் படுத்திருந்தாள். ஷிராணி லீவு எடுத்து வந்து, தலையணைக்கடியில் கிடந்த டாக்டர் கடிதத்தை வாசித்துவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே ஒத்தடம் கொடுத்தாள். தோட்டத்தில் வேறு ஆள் இல்லாததால் நாகலெட்சுமி என்ற ஒருத்தியைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கி, பிள்ளைக்காம்பராவில் தற்காலிகமாக நிற்க வைத்திருந்தார்கள். நல்ல உடம்பு, பலமான கால்கள். பிள்ளைகளைத் தூக்குவாள், சமாதானப்படுத்தத் தெரியாது. எட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து அழுதால் அவளும் சேர்ந்து அழுவதாகக் கேள்வி.

ஐந்தாம் நாள் காலை, வலது கையில் ஊன்றுகோலும் இடது பக்கம் ஷிராணியுமாகப் பவுலின் அந்தப் படிகளை ஏறினாள். ஏற அரைமணி நேரம் எடுத்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்தபோது ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்.

“நான் தூக்கமாட்டேன். தூக்குனா விழுந்துருவேன். நாகலெட்சுமிதான் தூக்கும். நான் ஒக்காந்து சோறு ஊட்டுவேன், தூங்க வப்பேன். அது போதும்னா விட்டுட்டுப் போங்க. பயமா இருந்தா கொண்டு போயிருங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

இரண்டு பேர் பிள்ளையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் முகத்தைப் பவுலின் பார்க்கவில்லை. மற்றவர்கள் தயங்கித் தயங்கி விட்டுவிட்டுப் போனார்கள். பகலெல்லாம் அவள் பாயிலேயே நகர்ந்து நகர்ந்து பிள்ளைகளிடையே வேலை செய்தாள். எழுந்து நிற்கவே பயமாக இருந்தது. தரையில் இருக்கிறவள் எங்கே விழப்போகிறாள் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படியும், தவழ்ந்து வருகிற பிள்ளை மடியைத் தொட்டாலே திடுக்கிட்டாள். ஜெயந்தினி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேலைக்கே வரவில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு லயத்தில் இருக்கிறாள் என்று நாகலெட்சுமி சொன்னாள்.

திங்கட்கிழமை பெரட்டுச் சங்கு ஊதிய பிறகு, எல்லோரும் போன பிறகு, படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெயந்தினி முதுகில் கூடையும் கையில் மிலானுமாக வாசலில் வந்து நின்றாள். நாகலெட்சுமி கையை நீட்டிக்கொண்டு போனாள். மிலான் புது முகத்தைக் கண்டதும் வீறிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஜெயந்தினி பாயைப் பார்த்தாள்.

“எங்கயும் எந்திரிக்கமாட்டீங்கள்ல?”

“மாட்டேன்.”

“இவன் அழுதாலும்?”

“அழுதாலும் எந்திரிக்கமாட்டேன்.”

“பாலுக்கு நானே மேல ஏறி வர்றேன். கங்காணி என்னா சொன்னாலும் சரி. நீங்க எறக்காதீங்க.”

“எனக்கே பயமா இருக்கு ஜெயந்தி” என்றாள் பவுலின். “எங்கிட்ட குடுக்காதேன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

ஜெயந்தினி கூடையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பாயில் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பழகின மணத்துக்கு மிலான் அழுகையை நிறுத்திவிட்டுப் பவுலின் பக்கம் கையை நீட்டினான். ஜெயந்தினி அவனை மெதுவாகப் பவுலினின் மடியில் வைத்தாள். பவுலின் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.   பிள்ளைக்கு அடியில் கொடுத்திருந்த தன் கையை ஜெயந்தினி எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிப் பவுலினும் கேட்கவில்லை.